ரீசின் ‘சி-1’: செல்லுலோஸ் ஆய்வில் ஒரு கருதுகோளின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் ஈரத்தில் விரைவாக இற்றுப்போயின. காரணத்தை ஆராய முனைந்த தரைப்படைத் தளவாடப் பிரிவு, போகன்வில் தீவில் மக்கிய கூடாரத் துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சைக்கு ‘கியூஎம்6ஏ’ என்று எண் கொடுத்தது. வைக்கோலையும் சோளத்தட்டையையும் சர்க்கரையாக்கும் நொதிகளில் கணிசமான பகுதி இன்று அதன் வழித்தோன்றல்களிடமிருந்தே கிடைக்கிறது. இந்த வரலாற்றைப் பூஞ்சையின் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அப்பிரிவின் ஆய்வாளர் எல்வின் ரீஸ் எழுப்பிய ஒரு கேள்விக்கு நேர்ந்தவை அதைவிடக் கவனிக்கத்தக்கவை.

நீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸைப் பல நுண்ணுயிர்கள் எளிதில் உடைத்தன. அவற்றுள் பல, பஞ்சை மட்டும் தொட முடியாமல் நின்றன. 1950இல் ரீஸ், சியூ, லெவின்சன் மூவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். நெருக்கமாக அடுக்கப்பட்ட சங்கிலிகளை முதலில் ‘சி-1’ என்ற காரணி தளர்த்துகிறது. பிறகே ‘சி-எக்ஸ்’ நொதிகள் அவற்றை நீராற்பகுக்கின்றன. சி-எக்ஸ் கையில் இருந்தது. சி-1 வெறும் ஊகம்.

1972இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வுட்டும் மெக்கிரேயும் சி-1 எனக் கருதப்பட்ட பகுதியைத் தூய்மைப்படுத்தினர். அது சங்கிலியின் முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸ் அலகுகளாக வெட்டும் நொதியாக இருந்தது. அதாவது, அதுவும் ஒரு நீராற்பகுப்பு நொதிதான். முனையை வெட்டுவதும் நடுவை வெட்டுவதும் கூடி வேலை செய்தாலே போதும், தனியாகத் தளர்த்துவது எதுவும் வேண்டாம் என்ற கருத்து பாடநூல்களில் நிலைபெற்றது. 1974இல் சுவீடனின் எரிக்சன் குழு வேறொரு பூஞ்சையில் ஆக்சிஜன் இருந்தால் செல்லுலோஸ் சிதைவு கூடுவதைக் காட்டி, ஆக்சிஜனேற்ற நொதி ஒன்று இருக்கக்கூடும் என்றது. அக்குறிப்பு ஏறத்தாழ கிடப்பிலேயே கிடந்தது.

அதற்கு அறிவியலைவிடச் சந்தை பெரிய காரணம் என்று கருதுகிறேன். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ‘எப்படி உடைகிறது?’ என்பதைவிட ‘எவ்வளவு நொதி கிடைக்கும்?’ என்பதே கேள்வியாயிற்று. அமெரிக்கத் தரைப்படையின் நேட்டிக் ஆய்வகத்தில் மேரி மேண்டல்ஸ் குழு 1971லேயே கூடுதலாகச் சுரக்கும் திரிபை வெளியிட்டிருந்தது. 1979இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘ரட்-சி30’ வந்தது. குளுக்கோஸ் கிடைத்துவிட்டால் இயல்பான பூஞ்சை நொதி உற்பத்தியை நிறுத்திவிடும்; இந்தத் திரிபில் அக்கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. இதற்கிடையே, 1977இல் பூஞ்சைக்கு ரீசின் நினைவாக ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று பெயர் சூட்டினர். எரிபொருளுக்கு முன்பே இந்நொதிகள் சலவைத்தூளிலும் ஜீன்ஸ் சலவையிலும் விலைபோயின. திருப்பூரில் ‘பயோ வாஷ்’ எனப்படுவதும் செல்லுலோஸை அரிக்கும் நொதிகளின் வேலைதான்.

2008இல் இப்பூஞ்சையின் மரபணுத்தொகுதி வெளியானபோது வியப்பு காத்திருந்தது. தாவரச் சுவரைச் சிதைக்கும் பிற பூஞ்சைகளோடு ஒப்பிட்டால் இதன் நொதிப் பட்டியல் எதிர்பாராத அளவு குறுகியது. 2010இல் நார்வேயின் வாயே-கோல்ஸ்டாட், ஐசின்க் குழுவினர் ஒரு பாக்டீரியப் புரதம், செல்லுலோஸைப் போன்ற சங்கிலியான கைட்டினை ஆக்சிஜனேற்றத்தால் வெட்டுவதைக் காட்டினர். நெருங்கிய இயல்புடைய பூஞ்சைப் புரதங்கள் செல்லுலோஸிலும் அதையே செய்வதும், அதற்குச் செம்பு தேவை என்பதும் அடுத்த ஆண்டே தெளிவாயின. எல்.பி.எம்.ஓ. (லைட்டிக் பாலிசாக்கரைடு மோனோஆக்சிஜினேஸ்) என்று இவற்றைக் குறிக்கிறார்கள். டிரைக்கோடெர்மாவின் இவ்வகைப் புரதமொன்று 1997லேயே கையில் கிடைத்து, திறன் குறைந்த நீராற்பகுப்பு நொதியாக வகைப்படுத்தப்பட்டிருந்தது!

ரீஸ் வென்றுவிட்டார் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அவர் எண்ணியது சங்கிலிகளைப் பிரிக்கும் காரணி. கண்டறியப்பட்டதோ படிகப் பரப்பிலேயே சங்கிலியை அறுக்கும் நொதி. ஆயினும் நீராற்பகுப்புக்கு முன் வேறுவகை வேலை ஒன்று நடக்க வேண்டும் என்ற அவர் உள்ளுணர்வு சரியான திசையில்தான் இருந்தது.

எரிபொருள் ஆலைக்கு இக்கண்டுபிடிப்பு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. நொதியையும் ஈஸ்டையும் ஒரே கலனில் இட்டு, சர்க்கரையாவதையும் சாராயமாவதையும் சேர்த்தே நடத்துவது சிக்கனமான முறை. எல்.பி.எம்.ஓ. கேட்கும் ஆக்சிஜனை அங்கே ஈஸ்ட் உறிஞ்சிவிடும். உண்மையில் இந்நொதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடே ஏற்றது என்று 2017இல் ஒரு குழு காட்டியது. அதன் அளவு மிஞ்சினால் நொதியே சிதைந்துவிடும் என்பதால், பெராக்சைடைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் முறைகளை இப்போது சோதித்துவருகின்றனர்.