வேலை முடிந்தால் வீடும் போகும்: ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளர்களுக்கு உள்ள வழிகள்

கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வீடு என்பது வேலையோடு வருவது. வேலை நின்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், வேலையில் இருப்போருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்குமே பொருந்தும். 2013 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நாற்பது ஆண்டுகள் வாடகையே கட்டாதவர், வருமானம் நிற்கும் அதே மாதத்தில் வாடகை வீடு தேட வேண்டியுள்ளது. பிள்ளைகளோடு இருக்க முடியாதவர்களுக்கு உள்ள வழிகள் இவை.

சொந்த வீடு

சேமநிதி வாரியத்தின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். 60 வயதில் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். ஆகவே ஐம்பதுக்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது.

அரசு வீட்டுத் திட்டத்தை நம்பிக் காத்திருப்பது எவ்வளவு நீளும் என்பதற்குப் பெஸ்தாரி ஜெயா சாட்சி. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் வீடு கேட்டுப் போராடினர். 245 வீடுகளுக்கான திட்டம் 2023இல்தான் அடிக்கல் கண்டது. அதற்குள் காத்திருந்த பலருக்கு முதுமை வந்துவிட்டது.

கூட்டு வாடகை

கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு உடனே கைகூடும் வழி, தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு தாமான் வீட்டை எடுப்பதுதான். ஆளுக்கு ஓர் அறை, சமையல் பொது.

உலகின் வேறு பகுதிகளிலும் இதே முறை உண்டு. அமெரிக்காவில் வேன் வீட்டிலேயே ஊர் சுற்றி வாழ்ந்த முதியோருக்காக டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரில் ஒரு மையம் இயங்குகிறது. வண்டி ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் வண்டியிலேயே தங்கிக்கொள்கின்றனர். சாப்பாடும் மருத்துவரிடம் போய்வரும் வசதியும் பொது.

வீடு எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை:

• ஒப்பந்தத்தில் எல்லார் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் இறந்தால் மற்றவர் நிலை கேள்விக்குறி. முத்திரை வரி கட்டிய பிரதியை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளவும்.
• முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வைக்கவும்.
• மின்சார, தண்ணீர் பில் யார் பெயரில், யார் கட்டுவது என முடிவு செய்யவும்.
• ஒவ்வொருவரின் நெருங்கிய உறவினர் தொலைபேசி எண்ணும் மருந்துப் பட்டியலும் சுவரில் இருக்கட்டும்.
• வாடகை சற்றுக் கூடினாலும் மருத்துவமனைக்கு அருகில் உள்ள வீடே மேல். சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனை உண்டு.

மாத உதவித்தொகை

60 வயதைத் தாண்டிய, போதிய வருமானமும் ஆதரவும் இல்லாத குடிமக்களுக்குச் சமூகநல இலாகா மாத உதவி வழங்குகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இது 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. விண்ணப்பத்தை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். குடும்ப வருமானம் பார்க்கப்படும் என்பதால், கூட்டு வீட்டில் இருப்போர் ஒரே குடும்பம் அல்ல, செலவு தனித்தனி என்பதை அதிகாரியிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதியோர் இல்லம்

உறவினரும் தங்க இடமும் இல்லாத, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடிய மூத்தவர்களுக்கு அரசின் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் உள்ளன. செராஸ் இல்லம் அவற்றில் ஒன்று. சபாக்கிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். படுத்த படுக்கையானோருக்குக் கோலகுபு பாருவில் ருமா எசான் உண்டு. தனியார் இல்லம் என்றால், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பார்க்கவும்.

ஓய்வுக் கடிதம் கைக்கு வந்தபின் ஓடுவதைவிட, 58 வயதிலேயே யாரோடு, எந்த ஊரில் என்று பேசி வைப்பது நல்லது. ஒரே லயத்தில் முப்பது ஆண்டுகள் அக்கம்பக்கமாக இருந்தவர்களுக்குப் புதிதாகப் பழகவேண்டிய அவசியம் இல்லை. தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு திசையில் போகுமுன் அந்தப் பேச்சு நடக்க வேண்டும்.