பதினொரு சதம்: மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெண்கூலியின் வரலாறு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நீடித்து, 1984ஆம் ஆண்டில்தான் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்கியது. இந்த வேறுபாட்டை உடல் வலிமையின் விளைவாகவோ ஊர் வழக்கத்தின் தொடர்ச்சியாகவோ விளக்குவது எளிது; ஆனால் தோட்ட வரலாற்றைப் பார்த்தால், அது கணக்கேட்டில் எழுதப்பட்டு, சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டு, தொழிலாளர் ஒன்றுதிரண்டு கேட்ட பின்னரே அழிக்கப்பட்டது என்பது தெளிவாகிறது.

தோட்டத் தொழிலின் முதற்கட்டமான கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடைப் பருவத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஆண்களே. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தபோது இந்த நிலை மாறியது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறிக்காவிட்டால் இலை முற்றிப் பயனற்றுப் போகும். ஆகவே நிரந்தரமாகக் குடியிருக்கும் தொழிலாளர் தேவைப்பட, குடும்பங்கள் லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறை வீடுகளில், குடியமர்த்தப்பட்டன. கொழுந்து பறித்தல் பெண்களின் வேலையாகவும், கவ்வாத்து எனப்படும் செடி வெட்டுதல், கான் எனப்படும் வடிகால் வெட்டுதல், மருந்தடித்தல் ஆகியவை ஆண்களின் வேலையாகவும் பிரிந்தன. தோட்டத்தின் வருமானம் முழுவதும் கொழுந்திலிருந்தே தொடங்கியது. அதைப் பறித்த கைகளுக்கே குறைந்த கூலி கிடைத்தது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பெண் தனியாக நின்று கூலியை உயர்த்திக் கேட்பதற்கு இடமே இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அவள் பெயர் கங்காணியால் அழைக்கப்பட்டது. ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணியே மேற்பார்வையாளனாகவும் கடன் கொடுத்தவனாகவும் இருந்தான். அவனுடைய ஆட்கள் வேலைக்கு வந்த நாள்களைக் கணக்கிட்டு அவனுக்குத் ‘தலைக்காசு’ என்ற தரகும் கிடைத்தது. கடன் தீர்ந்தது என்பதற்கான ‘துண்டு’ச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. வேலை முடிந்தபின் அவளுக்கு விழுந்தது ‘பேர்’, அதாவது ஒரு நாள் கூலிக்கான பதிவு. வேலை குறைந்ததாகக் கருதப்பட்டால் ‘அரைப்பேர்’. சம்பள நாளிலோ பல தோட்டங்களில் அவளுடைய பணத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்வதே வழக்கமாக இருந்தது. தன் கூலி எவ்வளவு என்று கையில் எண்ணிப் பார்க்காதவள், அது குறைவு என்று யாரிடம் முறையிட முடியும்?

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இந்தியத் தொழிலாளரின் நலனை முன்னிட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவரை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்ட பழக்கமாக இருந்த பால் வேற்றுமைக்கு, அரசின் முத்திரையை இட்டதும் அதே சட்டம்தான். அதன்கீழ் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் எனவும், தாழ்நிலத் தோட்டங்களில் முறையே 50, 40, 30 சதம் எனவும் அமைந்தது. உயர்மலையில் இடைவெளி 11 சதம். இரு இடங்களிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. குடும்பத்தைத் தாங்குபவன் ஆண், பெண்ணின் வருமானம் அதற்குத் துணை என்ற எண்ணத்தின் நிழல் இந்த விகிதத்தில் படிந்திருக்கிறது.

1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோதும், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தம் பாடல்கள் வழியே தொழிலாளரைத் தட்டியெழுப்பியபோதும், கூட்டாகக் கேட்கும் மொழி மலையகத்தில் உருவாகத் தொடங்கியது. 1939, 1940ஆம் ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் பரவின. எனினும் சங்கத்தின் சந்தாவைப் பெண்களும் செலுத்த, மேடையும் பேச்சுவார்த்தையும் ஆண்களின் வசமே இருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிய பிறகு, வாக்கில்லாத ஒரு சமூகத்தின் பெண்களுடைய கூலிக் குறைவு எந்த அரசியல் கட்சிக்கும் அவசரமான பிரச்சினையாகவில்லை.

மாற்றத்துக்கான சூழல் 1980களில் கூடிவந்தது. பெருந்தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானதால், தொழிலாளர் எதிர்கொண்ட முதலாளி அப்போது அரசே. உலகச் சந்தையில் தேயிலை விலை 1983 இறுதியிலும் 1984 தொடக்கத்திலும் மிகவும் உயர்ந்திருந்தது. ஆகவே விலை இல்லை, கொடுக்க வழியில்லை என்று சொல்ல இயலாத நிலை. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையின் காயம் ஆறாத நேரத்தில், 1984 ஏப்ரலில், தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. கொழுந்து மிகுதியாகத் துளிர்க்கும் பருவத்தில் ஒன்பது நாள்கள் அது நீடித்தது. பறிக்காத கொழுந்து செடியிலேயே முற்றியது. பறிப்பவர்கள் பெண்களாதலால், அவர்கள் வேலைக்கு இறங்காமல் இருந்ததே அந்த வேலைநிறுத்தத்தின் முதன்மையான பலம் எனலாம். அதன் முடிவில் சம்பளம் உயர்ந்ததோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி ஒன்றே என்பதும் ஏற்கப்பட்டது. இந்தியாவில் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்துவிட்டது என்பதையும், சம ஊதியம் பற்றிய 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இல்தான் ஏற்றது என்பதையும் சேர்த்து நோக்கினால், மலையகத்தில் அந்த உரிமை அந்த உடன்படிக்கையை எதிர்பாராமல் வேலைநிறுத்தத்தின் வழியே வந்தது என்பது விளங்கும்.

பட்டியலில் கூலி சமமானபின்னும், நாள் என்பதன் அளவு சமமாகவில்லை. கவ்வாத்துக்கோ கான் வெட்டவோ போகும் ஆண், தனக்குக் கணக்கிட்டுத் தந்த வேலையை முடித்துவிட்டு நண்பகலைத் தாண்டியதும் வீடு திரும்பலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ மாலை நிறுவைவரை வேலை உண்டு. கொழுந்து மடுவம் எனப்படும் நிறுக்கும் கொட்டகையில் அவள் தன் கூடையை இறக்கி வைக்க, இலையில் ஒட்டிய மழைத்தண்ணீருக்கு ஒரு கழிவு, கூடைக்கு ஒரு கழிவு என்று எடை குறைகிறது. எஞ்சியது நிர்ணயித்த கிலோவை எட்டாவிட்டால் அரைப்பேர்தான். வீடு திரும்பிய பிறகு தண்ணீரும் விறகும் அடுப்பும் அவளுக்காகவே காத்திருக்கின்றன.

2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அந்த எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவே எழுதப்பட்டது. அது 1984இல் போராடியவர்களின் மாறாத வெற்றி. ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை கிலோவுக்கு என்ற கேள்விகளில் பழைய பதினொரு சதத்தின் மிச்சம் இன்னும் தங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் சட்டப் பட்டியலில் வெளிப்படையாக நின்ற அந்த இடைவெளியை இன்று தேடவேண்டிய இடம் மடுவத்துத் தராசும், ஆண் வீடு திரும்பிய பின்னும் மலையில் நிற்கும் பெண்ணின் பிற்பகலுமே.