மொராரியாவிலிருந்து மாவனல்லை வரை

எனது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இனம் என்ற இடத்தில் ‘சிலோன் மூர்’ என்றிருக்கிறது. தமிழில் அதுவே ‘இலங்கைச் சோனகர்’. சிறு வயதில் ஒருநாள், “மூர் எண்டா என்ன வாப்பா?” என்று கேட்டேன். “அது பறங்கி வெச்ச பேரு மகள்” என்றார் வாப்பா. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெயர் கப்பலேறிய நகரத்தைப் பார்க்கும் வாய்ப்பு வயது போன காலத்தில்தான் கிட்டியது. இலண்டனில் வசிக்கும் மகளிடம் சென்றிருந்தபோது, இரண்டு நாட்களுக்கு லிஸ்பனைச் சுற்றிப் பார்க்க அவள் ஏற்பாடு செய்தாள். லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். மாவனல்லையின் மேடு பள்ளங்களில் நடந்து வளர்ந்த கால்களுக்கு அதன் ஏற்ற இறக்கங்கள் புதிதாகத் தெரியவில்லை.

முதல் நாள் ட்ராம் ஏறி பெலெம் சென்றோம். தேஜோ ஆறு கடலைச் சந்திக்கப் போகும் இடம் அது. 1497 ஜூலை 8 ஆம் திகதி வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். அருகே ஜெரோனிமோஸ் மடாலயம். 1501 இல் கட்டத் தொடங்கிய அதன் தூண்களில் கயிறுகளும் கடற்சிப்பிகளும் கல்லாய்ச் சமைந்திருக்கின்றன. ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத்தேயத்திலிருந்தும் வந்த சரக்குகள் மீது விதித்த நூற்றுக்கு ஐந்து வரியே அதன் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது. மிளகின் வாசம் அந்தக் கல்லில் இல்லை, விலை இருக்கிறது.

உள்ளே ஒரு பக்கம் வாஸ்கோடகாமாவின் கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயிஷின் கல்லறை. 1572 இல் வெளியான கமோயிஷின் காவியத்தில், முதல் செய்யுளிலேயே தப்ரபேன் என்ற பெயர் வருகிறது. அது எங்கள் தீவின் பழம்பெயர் என்றே பலரும் கொள்வர். அவர்களுக்கு அது வீரர்கள் தாண்டிச் சென்ற ஓர் எல்லை. அந்த எல்லையில் வாழ்ந்தவர்களின் கதையை வேறெங்கோதான் தேட வேண்டும்.

இரண்டாம் நாள் சாந்து ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறினோம். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்கள் ஆண்ட நகரம் இது. 1147 இல் அபோன்சோ என்ரிகேஷ் மன்னன், வடக்கிலிருந்து வந்த சிலுவைப் போராளிகளின் துணையோடு முற்றுகையிட்டு இதைக் கைப்பற்றினான். கோட்டைக்குள் அகழ்ந்தெடுத்த முஸ்லிம் வீடுகளின் அடித்தளங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கீழே சரிவில் அல்பாமா என்ற பகுதி. வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் ‘அல்-ஹம்மா’ என்ற அரபுச் சொல்லே அப்படித் திரிந்தது என்பர்.

கோட்டையின் மறுசரிவில் மொராரியா. தோற்றுப்போன முஸ்லிம்கள் கோட்டைக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்த இடம். 1170 இல் அவர்களுக்கு அரச பாதுகாப்புச் சாசனமும் கிடைத்தது. ‘மோரு’ என்றால் முஸ்லிம். மொராரியா என்றால் மோருக்கள் வாழும் இடம். எங்கள் ‘மூர்’ அந்த மோருதான்.

1496 டிசம்பரில் மானுவல் மன்னன் யூதர்களையும் முஸ்லிம்களையும் நாட்டை விட்டு வெளியேற்றும் ஆணையைப் பிறப்பித்தான். ஏழே மாதத்தில் வாஸ்கோடகாமா புறப்படுகிறான். அதே மன்னன், அதே நகரம். உள்ளூரில் மோருக்களைத் துரத்திய கையோடு வெளியூரில் அவர்களைத் தேடிப் போனார்கள் என்றே எனக்குத் தோன்றியது. கோழிக்கோட்டில் கண்ட முஸ்லிமையும் மோரு என்றார்கள். பின்னர் கொழும்பில் கறுவா வணிகம் செய்துகொண்டிருந்த, தமிழ் பேசிய எங்கள் முன்னோரையும் அப்படியே அழைத்தார்கள். ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ‘மோரோ’ என்றதும் இதே பழக்கத்தில்தான். கண்ட மனிதரின் ஊரையோ மொழியையோ கேட்டு வைத்த பெயரல்ல இது. பழைய பகைக்கு வைத்திருந்த பெயரைப் புதிய முகங்களில் ஒட்டினார்கள்.

பெயரின் பின்னால் ஆணையும் வந்தது. 1626 இல், கொன்ஸ்தந்தீனு த சா ஆளுநராக இருந்த காலத்தில், போர்த்துக்கேயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1496 க்கும் 1626 க்கும் இடையே 130 ஆண்டுகள். இரண்டிலும் துரத்தப்பட்டவர்களின் பெயர் ஒன்றே. ஆனால் முடிவு ஒன்றல்ல. கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். நாலாயிரம் பேரை அவன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸே எழுதி வைத்திருக்கிறார். பெயர் வைத்தவர்களின் ஏடே, புகலிடம் தந்தவனுக்குச் சாட்சியாக நிற்கிறது. எங்கள் கேகாலை மாவட்டத்தின் மெனிக்கடவரையில் போர்த்துக்கேயரின் கோட்டை இருந்தது. அலகல்லைப் பக்கம் பலனையில் அவர்கள் கண்டிப் படைகளோடு மோதினார்கள். அன்று மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த முஸ்லிமுக்கு உயிர் மிஞ்சியது.

மொராரியாவின் ஒடுங்கிய வீதியில் முக்காட்டுக்குக் குத்தும் ஊசி வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பங்களாதேஷ்காரர். ஸலாம் சொல்லி, “ஆபா” என்று அழைத்தார். நான் ஊசியைக் காட்ட, “அல்பினேட்” என்று அதன் போர்த்துக்கேயப் பெயரைச் சொல்லி எடுத்துத் தந்தார்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உம்மா, இது எங்கட ஊர் அல்பெனெத்தி அல்லவா!” என்றாள்.

உண்மைதான். மாவனல்லைக் கடைத்தெருவில் சிங்களத்தில் கேட்டால் இன்றும் அல்பெனெத்திதான். போர்த்துக்கேயருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது அரபு. ‘அல்-கிலால்’ என்பது அதன் மூலம். துரத்தப்பட்டவர்களின் சொல், துரத்தியவர்களின் வாயிலேறி, கடல் கடந்து, எங்கள் சிங்கள அயலவரின் வீட்டுத் தையல் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. சொற்களை எந்த ஆணையாலும் நாடு கடத்த முடியவில்லை.

லிஸ்பனில் இன்று முஸ்லிம்கள் இல்லாமலில்லை. 1985 இல் திறக்கப்பட்ட மத்திய பள்ளிவாசல் இருக்கிறது. மொசாம்பிக், கினி பிசாவு போன்ற முன்னாள் காலனிகளிலிருந்து வந்தவர்களே அந்தச் சமூகத்துக்கு அடித்தளமிட்டவர்கள். ஆனால் பழைய மோருக்களை ஒரு சமூகமாக இன்று காண முடியாது. அவர்கள் ஒரு வீதியின் பெயராக, சுற்றுலாப் பயணிகளின் வரைபடத்தில் இருக்கிறார்கள்.

அங்குதான் என் ஊரை நினைத்தேன். 2001 மே மாதம் மாவனல்லை எரிந்தபோது நாங்கள் பார்த்த புகை இன்னும் கண்ணில் இருக்கிறது. “உங்கள் நாடு எது?” என்ற கேள்வி அதற்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது. அதற்கு எங்களுடைய விடையை நாம் அரபு நாட்டில் தேட வேண்டியதில்லை. செனரத் மன்னனின் காலத்தில் தேடினால் போதும். கேட்பவர்களும் அங்கேயே தேடலாம். அது அவர்களுடைய முன்னோரின் பெருமையும்கூட.

வாப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் அவர் சொன்னதோடு ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருப்பேன்: பெயர் வைத்தது பறங்கிதான் வாப்பா, ஆனால் அந்தப் பெயரோடு நாங்கள் வாழ இடம் தந்தது இந்த மண்.