இரண்டு முறை வாக்களித்த மண் - சார்லாந்து

ஜெர்மனி என்றதும் பெர்லின் சுவரும் கார் தொழிற்சாலைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் தென்மேற்கு மூலையில், பிரான்சையும் லக்சம்பர்க்கையும் ஒட்டி, சார்லாந்து என்றொரு குட்டி மாநிலம் இருக்கிறது. பரப்பளவு சுமார் 2,570 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறக்குறைய 10 லட்சம். பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் ஆகிய நகர மாநிலங்களை விட்டுவிட்டால் ஜெர்மனியில் மிகச் சிறியது இதுதான். ஆனால், தங்கள் மண்ணின் தலைவிதியை 20 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வாக்குச்சீட்டில் எழுதியவர்கள் இந்த மக்கள்!

இதற்கெல்லாம் காரணம் நிலக்கரி. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், 1920-இல் சார் பகுதியின் நிர்வாகம் சர்வதேச சங்கத்திடம் போனது. சுரங்கங்கள் போர் நஷ்டஈடாகப் பிரான்சுக்குப் போயின. 15 ஆண்டுகள் கழித்து மக்களே முடிவு செய்யலாம் என்பது ஏற்பாடு.

அந்த நாள் வந்தது 1935 ஜனவரி 13. அதற்குள் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "இப்போது சேர வேண்டாம், உள்ளபடியே இருப்போம்" என்று நாஜி எதிர்ப்பாளர்கள் மன்றாடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய்நாட்டுக்கு என்று நினைத்துப் போட்ட ஓட்டு ஹிட்லருக்கும் போய்ச் சேர்ந்தது. எதிர்த்தவர்களில் பலர் பிரான்சுக்குத் தப்பி ஓடினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதை மீண்டும் தொடங்கியது. 1947-இல் சார்லாந்து தனி அரசியலமைப்புடன் பிரான்சின் பொருளாதாரத்தோடு இணைக்கப்பட்டது. கடைகளில் பிராங்க் நாணயம் புழங்கியது. 1952 ஒலிம்பிக்கில் தனி அணி! 1954 உலகக் கோப்பை கால்பந்து தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனியை எதிர்த்தே ஆடி, இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது.

1955 அக்டோபர் 23-இல் இரண்டாவது வாக்கெடுப்பு. 'ஐரோப்பியப் பகுதி'யாக இருக்கலாமா என்பது கேள்வி. 67.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிரான்ஸ் அந்த முடிவை மதித்தது. 1957 ஜனவரி 1-இல் சார்லாந்து மேற்கு ஜெர்மனியின் மாநிலமானது. நாணயம் மட்டும் 1959 ஜூலையில்தான் மார்க்காக மாறியது.

இன்று அங்கே போகிறவர்கள் முதலில் பார்ப்பது மெட்லாக் அருகே சார் ஆறு காட்டு மலையைச் சுற்றி வந்த வழியே திரும்பும் பெரிய வளைவை. அடுத்து, 1986-இல் உற்பத்தி நின்ற ஃபோல்க்லிங்கன் இரும்பாலை. 1994 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சார்லாந்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2012-இல் மூடப்பட்டது. இரண்டு நாடுகள் இழுபறி நடத்திய கரியை இன்று வெட்டி எடுப்பார் யாரும் இல்லை!

மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் மோசெல் ஆறு. அதன் அக்கரையில் உள்ள சிறிய லக்சம்பர்க் கிராமத்தின் பெயர் ஷெங்கன். எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கும் ஒப்பந்தம் 1985-இல் அங்கேதான் கையெழுத்தானது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி இந்த எல்லையிலும் மீண்டும் சோதனையைத் தொடங்கியது. எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடுதான். அந்தக் கோடு நகரும்போதெல்லாம் நாணயமும் கொடியும் மாறுவதைப் பார்த்தவர்கள் சார்லாந்து மக்கள்.