இடுப்பு மூட்டின் வரலாறும் பத்திரப்படுத்த வேண்டிய ஒரு ஸ்டிக்கரும்



கண்டி, அக்குறணை, மடவளை என்று நம் பக்கத்திலும் இடுப்பு மூட்டு மாற்றிய பெரியவர்கள் இருக்கிறார்கள். "உள்ளே என்ன பொருத்தியிருக்கு?" என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அது தெரிந்திருக்க வேண்டும் என்பதை இந்த மூட்டின் வரலாறே சொல்கிறது.

1950களின் கடைசியில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் டொக்டர் ஜோன் சார்ன்லி, உலோகத் தலையும் டெஃப்லான் கிண்ணமும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். நடக்க முடியாதவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். ஆனால் சில வருடங்களிலேயே டெஃப்லான் தேய்ந்தது. அந்தத் தூள் சுற்றியிருந்த திசுவையும் எலும்பையும் கெடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர் மறுபடியும் சத்திரசிகிச்சை செய்தார். டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஏற்றியும் சோதித்தார். 1962 நவம்பரில் பொலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்றைய மூட்டுகளுக்கு அதுதான் அடிப்படை.

பொலிஎதிலீனும் மெதுவாகத் தேயும். எலும்பு கரைந்து மூட்டு தளர்ந்தால் இரண்டாவது சத்திரசிகிச்சை தேவை. பழையதைக் கழற்றும்போது எலும்பு இன்னும் குறையும். அதனால் இரண்டாவது மூட்டு பொதுவாக முதலாவதைப் போல் நீண்ட காலம் நிலைப்பதில்லை.

எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதைப் பதிவேடுகளே காட்டின. சுவீடன் 1979இல் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. இப்படியான பதிவேடுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, 100 மூட்டுகளில் சுமார் 58 மூட்டுகள் 25 வருடம் நிலைக்கின்றன.

உலோகத்தோடு உலோகம் உரசும் 'ஏஎஸ்ஆர்' மூட்டின் கோளாறும் அவுஸ்திரேலியா, பிரித்தானியா பதிவேடுகளில்தான் தெரிந்தது. 2010 ஓகஸ்டில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பக்கத்து இந்தியாவில் சுமார் 4,700 சத்திரசிகிச்சைகளில் அதைப் பொருத்தியிருந்தார்கள். பின்னர் தேடியபோது பெரும்பாலானவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தங்கள் உடம்பில் இருப்பது அதுதான் என்று தெரியாமலே பலர் இருந்திருப்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூட்டுப் பெட்டியோடு கம்பனி, அளவு, தொகுதி இலக்கம் உள்ள ஸ்டிக்கர் வரும். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஒபரேஷன் என்றால் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி டயக்னோசிஸ் கார்டோடு வையுங்கள். போனில் ஒரு படமும் எடுங்கள். ஏற்கனவே செய்தவர்கள் அடுத்த கிளினிக்கில் விபரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுபடி சத்திரசிகிச்சை வந்தால், எந்தக் கருவியால் கழற்றுவது, முழுவதையும் மாற்றாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாமா என்று டொக்டர் தீர்மானிக்க அந்த விபரம் உதவும்.

வலி இல்லையென்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடவும் வேண்டாம். எலும்பு கரைவது ஆரம்பத்தில் வலிக்காது.

வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.