கலாநிதி சந்திராவும் ஹாலும்: கொழும்பில் எழுதப்பட்ட ஒரு நட்பு

தான் ஆக்கிய பொறியையே தோழனாகக் கொள்ளும் தனியன் என்னுங் கற்பனை மேலைநாட்டு இலக்கியத்துக்கே உரியதென எண்ணுதல் இயல்பு. எனினும் அதன் புகழ்பெற்ற வடிவமொன்று கொழும்பிலே எழுதப்பட்டதென்பதும், அத்தனியன் தமிழ்ப் பெயர் தாங்கியவன் என்பதும் ஈண்டு நோக்கற்பாலன.

ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் மறையும்வரை இந்நாட்டையே வாழ்விடமாகக் கொண்டவர். 1979 முதல் 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராயும் விளங்கியவர். 1968 இல் வெளிவந்த '2001: விண்வெளிப் பயணம்' என்னும் நாவலில் ஹால் என்னுங் கணினியை அவர் படைத்தார். ஹாலுக்கு மனித உடல் இல்லை. ஆயின் அதன் பேச்சும் ஐயமும் அச்சமும் மனிதர்க்குரியன. விண்கலத்தை நடத்திய அக்கணினி தன்னுடன் சென்றோரையே கொன்றது.

அதன் தொடர்ச்சியான '2010' என்னும் நாவல் 1982 இல் வெளிவந்தது. கொழும்பில் கணினியிலே எழுதப்பெற்ற அந்நூல் சிறு வட்டொன்றிற் பதியப்பட்டு நியூயோர்க் சென்றது. இறுதித் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்தினூடாகச் செய்மதிவழி அனுப்பப்பட்டன. முன்னைய நாவலில் ஹாலின் ஆசான் 'சந்திரா' என்றே குறிக்கப்பட்டார். இந்நூலில் அவர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என முழுப்பெயர் பெறுகிறார். மனிதரோடு மிகுதியாகப் பேசாத இவ்வறிஞர் கணினிகளோடு மனந்திறந்து உரையாடுபவர். உலகம் ஹாலைக் கொலையாளி என்றது. சந்திராவோ குற்றத்தின் வேரை ஆராய்ந்தார். உண்மையை மறையாது உரைக்கவென ஆக்கப்பட்ட பொறிக்குப் பயண நோக்கத்தை மறைக்குமாறு ஆணையிட்டவர் மனிதரே. அம்முரண்பாடே அதன் அறிவைப் பிறழச் செய்தது என்பது அவர் கண்ட முடிபு.

1984 இல் வந்த திரைப்படத்தில் இக்கருத்து மேலும் துலங்குகிறது. ஏனையோரைக் காக்க ஹால் அழியவேண்டிய நிலையில், அவ்வுண்மையைச் சந்திரா அதனிடம் கூறுகிறார். ஹாலும் நன்றி கூறி அதை ஏற்கிறது. நட்பின் உரைகல் வாய்மையே என்பது இதன் பொருள். ஆயினும் படத்தில் அந்நீண்ட தமிழ்ப் பெயர் இடம்பெறவில்லை. சந்திராவாக நடித்தவரும் அமெரிக்கரான பாப் பாலபன்.

நாவல் வெளிவந்த மறு ஆண்டு, 1983 யூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் இடாப்புகளைக் கையிற்கொண்ட கும்பல்கள் பெயர் பார்த்து வீடுகளைத் தேடின. நூலுக்கும் இந்நிகழ்வுக்கும் காரணகாரியத் தொடர்பு இல்லை. ஆயினும் எதிர்கால உலகின் அறிவாளியொருவனுக்குச் சூட்டத் தகுந்ததென ஓர் எழுத்தாளர் கருதிய பெயர், அவர் எழுதிய நகரிலேயே அச்சத்துக்குரிய அடையாளமாயிற்று. பொறியின் அச்சத்தையும் பொறுமையோடு கேட்ட சந்திராவின் கதையைக் கொழும்பின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்போர், அயலவன் அச்சத்தைக் கேளாதொழிந்த ஒரு காலத்தையும் உடன் எண்ணாதிருத்தல் இயலாது.