அக்னியூ அம்மையாரின் அழைப்பு

உடுவிலில் படித்த நாம் எலைசா அக்னியூ அம்மையாரை மறக்க முடியாது. நியூயோர்க்கில் எட்டு வயதில், பூகோள பாடவேளையொன்றில், மிஷனரியாகச் செல்லும் அழைப்பை அவர் உணர்ந்தார். எனினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை புறப்படவில்லை. 1840இல் யாழ்ப்பாணம் வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1879வரை உடுவிலிலேயே கற்பித்தார்; ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தனர். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல், 1883இல் இம்மண்ணிலேயே காலமானார்.

எழுப்புதல் கூட்டங்களில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்த நாட்கள் நமக்கும் உண்டு. மறுவாரமே அந்த வைராக்கியம் தணிந்து, நம் விசுவாசம் பொய்யோ என்று கலங்கியதும் உண்டு. அம்மையாரோ பெற்றோரைப் பராமரித்த ஆண்டுகளிலும், பின்னர் நாள்தோறும் வகுப்பறையிலும் அந்த அழைப்புக்கே கீழ்ப்படிந்திருந்தார். வாட்டிலும் வகுப்பிலும் அடுப்படியிலும் நம்மிடம் கேட்கப்படுவதும் அதுதானே!